மானியத்தில் வந்த ஆட்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். "அமெரிக்காவில் ஒரு மாநகரம் மத்திய அரசுக்கு விண்ணப்பம் போட்டு, மானியம் வாங்கித்தான் தீயணைப்பு வீரர்களை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டது என்கிறீர்களே, நம்பும்படியாகவா இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்தது அதுதான். ஊர், டெட்ராய்ட்.

நம் பக்கம் தீயணைப்பு மாநில அரசின் துறை. சென்னையில் பற்றினாலும் செங்கத்தில் பற்றினாலும் வருவது ஒரே துறையின் வண்டி. அங்கே அந்தந்த ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் வரி வசூல் நன்றாக இருந்தால் வண்டி நன்றாக இருக்கும். அந்த நாட்டின் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். சின்ன ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கோழி வாட்டி விற்றுக்கூட நிலையத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சமாவது சரிக்கட்ட 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மறு வருடம் 10 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. முதலில் கருவிகளுக்கும் வண்டிகளுக்கும்தான். ஆட்களுக்குச் சம்பளம் தர 'சேஃபர்' என்று தனி மானியம் 2005இல் வந்தது.

விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடுகிறவர்களில் தீயணைப்புத் துறைக்காரர்களே இருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனாலும் எழுதத் தெரிந்தவருக்கே காசு என்ற குறை தீரவில்லை. இதற்கென்றே விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்களைக் கூலிக்கு அமர்த்துகிற ஊர்கள் உண்டு. பத்திர எழுத்தர் இல்லாத அரசாங்கம் உலகத்தில் எங்கும் இல்லைபோல.

டெட்ராய்ட்டுக்கு வருகிறேன். 1950இல் பதினெட்டு லட்சத்தைத் தாண்டிய மக்கள்தொகை 2010 கணக்கெடுப்பில் ஏழு லட்சத்துச் சொச்சம். ஆள் போய்விட்டார்கள், வீடுகள் நின்றன. காலி வீடுகள் எரிந்துகொண்டே இருந்தன. வரி கொடுக்க ஆளில்லை, அணைக்க வேண்டிய தீயோ குறையவில்லை. 2012 ஜூனில் 164 வீரர்களை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக நகர நிர்வாகம் அறிவித்தது. அவர்களில் 108 பேரைத் தக்கவைக்கச் சுமார் 2.25 கோடி டாலர் சேஃபர் மானியம் கைகொடுத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் நகரமே திவால் மனு போட்டது. கடன் 1,800 கோடி டாலர் அளவில் என்று கணக்குச் சொன்னார்கள். செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்த உதவிகளிலும் சுமார் 150 தீயணைப்பு வீரர்களை எடுப்பதற்கான பணம் இருந்தது.

சரி, ஆள் வந்தாயிற்று. அவர்கள் ஏறிப்போக ஏணி? 2013 தொடக்கத்தில் ஓர் உத்தரவு போட்டார்கள்: உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஒழிய ஏணி வண்டியின் ஏணியை நீட்டாதே. முறைப்படி செய்ய வேண்டிய பரிசோதனை நடக்கவில்லை. அதனால் ஏணியை நம்ப முடியவில்லை. அடுத்து வருவதை நீங்கள் ரசிப்பீர்கள், அல்லது தலையில் அடித்துக்கொள்வீர்கள். நிலையங்களுக்குத் தீ அழைப்பு ஃபேக்ஸில் வந்துகொண்டிருந்தது. காகிதம் வந்து விழுவது காதில் விழ வேண்டுமே? ஒரு நிலையத்தில், காலி சோடா டின்னில் சில்லறைக் காசைப் போட்டு, காகிதம் வெளியே வரும் இடத்தில் நிறுத்திவைத்தார்கள். காகிதம் நகர்ந்து வந்து டின்னைத் தள்ளும். அது உருளுகிற சத்தம்தான் மணி. 2014இல் டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் பத்திரிகை இதை எழுதிய பிறகுதான் ஊர் சிரித்தது. அதற்குள் மத்திய அரசின் மானியம் கோடிக்கணக்கில் வந்து போயிருந்தது.

மானியத்தை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த 108 பேரும் வீதிக்குப் போயிருந்தால் சோடா டின்னைக் கேட்கவும் ஆளிருந்திருக்காது. இன்னொன்றும் உண்டு. சேஃபர் வாங்குகிற ஊர், ஒப்புக்கொண்ட ஆள் எண்ணிக்கையை மானியக் காலம் முழுவதும் குறைக்கக் கூடாது. எல்லாத் துறையையும் வெட்டுகிற நிர்வாகத்தின் கையைக் கட்டிப்போட இதைவிட நல்ல கயிறு கிடையாது. பணத்தைவிட இந்த நிபந்தனைதான் பெரிய உதவி என்பது என் எண்ணம்.

சிக்கல் அடுத்த கட்டத்தில். சம்பளம் மாதா மாதம் வரும் செலவு; மானியம் இரண்டு, மூன்று வருடத்தில் தீர்ந்துவிடும். கருவி மானியத்திலும் இதே தொல்லை வேறு உருவில் இருக்கிறது. டெட்ராய்ட் அளவுள்ள ஊர், மானியத் தொகையில் பத்து சதவீதத்தைத் தன் கையிலிருந்து போட வேண்டும். திவாலான ஊருக்கு அதுவே பெரிய பாடு. போட்டு வாங்கினாலும், தீக்காப்பு உடைக்கு அங்கே பத்து வருடம்தான் ஆயுள். தயாரித்த தேதியிலிருந்து கணக்கு. பி.ஏ. செட் என்கிற மூச்சுக்கருவியின் கலப்புப்பொருள் சிலிண்டருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை, பதினைந்தாவது வருடத்தில் கழித்துவிட வேண்டும். வருடத்துக்குக் கொஞ்சமாகச் சொந்தக் காசில் வாங்கிய ஊருக்குப் பழசும் புதுசும் கலந்திருக்கும். மானியத்தில் ஒரே நாளில் மொத்தமாக வாங்கிய ஊருக்கு மொத்தமும் ஒரே வருடத்தில் காலாவதி. அந்த வருடம் மறுபடியும் விண்ணப்பம் எழுத உட்கார வேண்டியதுதான். புது வண்டி வந்தால் மேயர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். ஏணிப் பரிசோதனைக்கு யார் வந்து நிற்பார்கள்?

இதை உங்களுக்கு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. 15ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவுபடுத்தவும் நவீனமாக்கவும் 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை 2023இல் மத்திய அரசு தொடங்கியது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்கள் தவிர மற்றவை செலவில் 25 சதவீதத்தைத் தாங்களே போட வேண்டும். நம் நிலையங்களுக்கும் பொருள்கள் மொத்தமாக வந்து இறங்கும்.

உங்கள் காலத்தில் இப்படி ஒரே சமயத்தில் பி.ஏ. செட்டுகள் வந்தபோது சிலிண்டர் நிரப்புவது, முகக்கவசத்துக்கு உதிரிபாகம் வாங்குவது எல்லாம் எந்தக் கணக்கில் நடந்தது? நிலையத்திலேயே செலவழிக்க உங்களுக்கு அதிகாரம் இருந்ததா, இல்லை கோப்பு மேலே போய்த் திரும்பியதா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். டெட்ராய்ட் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள விரும்பினால் 2012இல் வந்த 'பர்ன்' என்ற ஆவணப்படத்தைப் பாருங்கள். அந்த ஊரின் 50ஆம் எண் எஞ்சின் குழுவைப் பின்தொடர்ந்து எடுத்தது. துறைக்காரர் கண்ணுக்கு அதில் என்னைவிட அதிகம் படும்.

அன்புடன்,
கட்டுரையாளர்