சலவை இயந்திரம்: பழையதும் புதியதும், நம் கடைச் சோப்புத்தூளும்

"உங்கள் கடைத் தூளைப் போட்டுத்தான் மெஷின் போய்விட்டது" என்று வாடிக்கையாளர் வந்து சொன்னால் நம்மில் பலருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. அவர் சொல்வது முழு உண்மையும் அல்ல, முழுப் பொய்யும் அல்ல. சோப்புத்தூள் விற்கிற நாம் அது போய் விழுகிற இயந்திரத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இரண்டு தொட்டி வைத்த பழைய செமி ஆட்டோமேட்டிக்கில் துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார், ஸ்பிரிங்கில் ஓடும் டைமர், பெல்ட், கண்டென்சர். ஏறக்குறைய அவ்வளவுதான். மோட்டார் முனகிக்கொண்டே சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கண்டென்சர். மோட்டார் ஓடியும் துணி சுற்றாவிட்டால் பெல்ட். சாமான் உள்ளூர்க் கடைத்தெருவிலேயே கிடைக்கும். மின்விசிறி பழுது பார்ப்பவரே மாட்டிக் கொடுத்துவிடுவார். அடிக்கடி ஏதாவது ஒன்று போகும். ஆனால் போனது மட்டும்தான் செலவு.

அதற்காகப் பழையதுதான் உழைக்கும் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. முன்பக்கக் கதவு வைத்த புதிய இயந்திரங்கள் தண்ணீரை மிகக் குறைவாகக் குடிக்கின்றன. இன்வெர்ட்டர் மோட்டாரில் தேய்ந்துபோகக் கார்பன் பிரஷ் இல்லை. டிரம்மை நேரடியாகச் சுற்றும் வகையில் பெல்ட்டும் இல்லை. சிக்கல், கெட்ட பிறகுதான் வருகிறது. கட்டுப்பாட்டு போர்டின் மேல் ஈரம் படாதிருக்கப் பிசின் போன்ற பூச்சை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கி அதில் ஒரு சிறு உறுப்பு எரிந்தாலும் முழு போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள். பேரிங் விஷயமும் இப்படித்தான். வெளித்தொட்டியின் இரு பாதிகளையும் போல்ட் போட்டு முடுக்கியிருந்தால், பிரித்துப் பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்றிவிடலாம். பல புதிய மாடல்களில் இரண்டையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். பேரிங் போனால் தொட்டியையே மாற்ற வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டதும் பலர் இயந்திரத்தை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

நம் தூளுக்கு இதில் என்ன பங்கு? கைத்துவையல் தூள் நன்றாக நுரைக்கும். பக்கெட்டுக்கும் செமி ஆட்டோமேட்டிக்குக்கும் அது போதும். முன்கதவு இயந்திரத்தில் துணி மேலே போய்க் கீழே விழுந்து அடிபட்டுத்தான் அழுக்கு போகிறது. நுரை மிகுந்தால் மெத்தை போட்டது போலாகி, அடி விழாது. அலசியும் போகாத தூள் டிரம்மின் பின்புறம் படிகிறது. அங்கே டிரம்மைத் தாங்கி நிற்கும் மூன்று கைத் தாங்கி பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. ஈரமும் தூளும் சேர்ந்து அதை அரிக்கும்; வருடக்கணக்கில் அரித்து ஒரு நாள் முறிந்துவிடும். போர் தண்ணீர் உள்ள ஊர்களில் ஹீட்டர் மேல் உப்பும் ஏறும்.

ஆகவே தூள் கேட்பவரிடம், "முன்கதவா, மேல்மூடியா, செமியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் போட வேண்டாம் என்றும் சொல்லலாம். நமக்கு விற்பனை குறையுமே என்றால், உப்புப் படிவு நீக்கும் பவுடரை ஸ்டாக் வைக்கலாம். உப்புத் தண்ணீர் உள்ள பகுதிகளில் அது விலை போகக்கூடிய சரக்கு.

சலவை இயந்திரமே விற்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பின்னும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு மோட்டார், பேரிங், போர்டு போன்ற முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதி உள்ளது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. அதில் சேர்ந்த கம்பெனிகளின் பழுதுநீக்க விவரங்களை அங்கே பார்க்கலாம். ஆனாலும் சரக்கு எடுக்கும்போதே, தொட்டியைப் பிரிக்க முடியுமா, போர்டு என்ன விலை, அருகில் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்ற மூன்றையும் டீலரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த மறு மாதம் வாடிக்கையாளர் தேடி வருவது கம்பெனியை அல்ல, நம் கடையைத்தான்.