வழிதவறிய பிட்காயின்

பிட்காயின் என்னும் மின்னணு நாணயம் கைதவறிச் சென்றால், மீட்டுத் தர நடுவில் வங்கி இல்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் பாக்ஸோஸ் நிறுவனம், ஏறத்தாழ 2,000 டாலர் அனுப்புகையில், பதிவுக் கட்டணமாக 19.8 பிட்காயினைச் செலுத்திவிட்டது. மதிப்போ ஏறத்தாழ 5 லட்சம் டாலர்! கட்டணம் பெற்ற எஃப்டூபூல் குழு, தன் உறுப்பினர்க்குப் பங்கிடாமல் ஒதுக்கிவைத்து, பின்னர்த் திருப்பியளித்தது.

உரியவரை அறிவது எங்ஙனம்? ‘என்னுடையது’ எனப் பலரும் வரக்கூடும். அனுப்பிய முகவரியின் இரகசியச் சாவி உடையவர், நாம் தரும் வாசகத்தின்மீது மின்னொப்பம் இட இயலும். அதனை எவரும் சரிபார்க்கலாம். சாவியை வெளியிட வேண்டுவதில்லை. நாம் கேட்பதும் முறையன்று.

பரிவர்த்தனை நிலையத்தின் பொது முகவரியிலிருந்து வந்த தொகையாயின், அங்கேயே திருப்பினால் உரியவர் கணக்கில் சேராமற் போகலாம். முதலில் அந்நிலையத்துக்கு எழுதி, திருப்பும் வழியைக் கேட்டறிதல் வேண்டும்.