தொலைகாட்டி வாங்கியாயிற்று, அடுத்து எதை வாங்குவது?

கணினியால் இயங்கும் தொலைகாட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. முதல் இரவிலேயே சந்திரனின் குழிகளையும் வியாழனின் நான்கு துணைக்கோள்களையும் கண்டு வீடே மகிழ்கிறது. சில வாரங்கள் கழிந்ததும் மகள் கேட்கிறாள்: "வாப்பா, இதுக்கு இன்னும் கொஞ்சச் சாமான் வாங்கினால் இதைவிட நல்லாத் தெரியுமாம்." வாப்பாவோ, "இவ்வளவு காசு கொடுத்து வாங்கினது போதாதா மகள்?" என்கிறார்.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சில துணைக்கருவிகள் தொலைகாட்டியின் பயனை உண்மையிலேயே கூட்டுகின்றன. வேறு சில, பணத்தை விழுங்கிவிட்டு அலுமாரியில் உறங்குகின்றன. எதை வாங்குவது என்று தீர்மானிக்க ஒரே கேள்வி போதும்: "இப்பொழுது நம்மைப் பார்க்கவிடாமல் தடுப்பது எது?" அந்தத் தடையை நீக்கும் பொருளே வாங்கத் தகுந்தது.

கருவியை அறிந்துகொள்வோம்

உதாரணத்துக்கு, தொடக்கநிலையாளர் பலர் வாங்கும் செலஸ்ட்ரோன் நெக்ஸ்ஸ்டார் 130 எஸ்.எல்.ரி என்னும் தொலைகாட்டியை எடுத்துக்கொள்வோம். இதன் முதன்மை ஆடியின் விட்டம் 130 மில்லிமீற்றர். குவியத் தூரம் 650 மில்லிமீற்றர். இதனுடன் 25 மி.மீ., 9 மி.மீ. குவியத் தூரமுடைய இரண்டு பார்வைத்துண்டுகள் வருகின்றன.

ஆடியின் குவியத் தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 650 ÷ 25 = 26 மடங்கு. 650 ÷ 9 = ஏறத்தாழ 72 மடங்கு.

இருளில் நமது கண்மணி 7 மி.மீ. வரை விரிவதாகக் கொண்டால், இந்த ஆடி கண்ணைவிட ஏறத்தாழ 345 மடங்கு ஒளியைச் சேகரிக்கிறது. எந்தத் துணைக்கருவியாலும் இந்த அளவைக் கூட்ட முடியாது. சேர்ந்த ஒளியை வீணாக்காமல் கண்ணுக்குக் கொண்டுவருவதே துணைக்கருவிகளின் வேலை.

காசில்லாத முதல் முன்னேற்றம்

இவ்வகைத் தொலைகாட்டி தானாக வானத்தை அறியாது. திகதி, நேரம், இடம் ஆகியவற்றை நாம் கொடுக்கவேண்டும். பின்னர் பிரகாசமான சில வான்பொருள்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதன் பின்புதான் மோட்டார்கள் சரியான திசைக்குத் திரும்பும். "கருவி பிழை" என்று கருதப்படும் பல இரவுகளில் உண்மையில் பிழையாக இருப்பது நாம் பதிந்த திகதிதான். இக்கருவியில் மாதம் முதலிலும் நாள் இரண்டாவதாகவும் பதியப்படவேண்டும். நாமோ நாளை முதலில் எழுதிப் பழகியவர்கள். இலங்கை நேரம் கிறீன்விச் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது என்பதையும் நினைவிற்கொள்க.

சில முறைகளில் நட்சத்திரத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து தெரிவுசெய்ய வேண்டும். அறபு கற்கும் மாணவிகளுக்கு இது கடினமன்று. ரிகெல் என்பது ரிஜ்ல், அதாவது பாதம். டெனெப் என்பது தனப், அதாவது வால். அல்டெயர் என்பது பறக்கும் கழுகைக் குறிக்கும் அறபுத் தொடரின் பிற்பகுதி. பத்து நட்சத்திரங்களை வெறுங்கண்ணால் இனங்காணப் பழகுவது, கடையில் வாங்கும் எந்தப் பொருளையும்விட அதிகம் உதவும்.

இடங்காட்டும் ஜீ.பீ.எஸ். கருவியைத் தனியாக வாங்கவேண்டிய தேவையில்லை. அகலக்கோடு, நெடுங்கோடு, நேரம் ஆகிய மூன்றையும் கைத்தொலைபேசியே தருகிறது.

முதலில் மின்சாரம்

இக்கருவி 12 வோல்ற்றில் இயங்குகிறது. உள்ளே எட்டு ஏ.ஏ. மின்கலங்கள் இடலாம்: 8 × 1.5 = 12. மோட்டார்கள் ஓட ஓட வோல்ற்றளவு இறங்கும். ஓரளவுக்குக் கீழே போனால் கைக்கட்டுப்பாட்டுக் கருவி அணைந்து மீண்டும் தொடங்கும். அதுவரை செய்த ஒழுங்கமைப்பு முழுவதும் அழிந்துவிடும். மீள்மின்னேற்றும் நிக்கல் மின்கலங்கள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று மாத்திரமே. எட்டும் சேர்ந்தால் 9.6 தான்.

ஆகவே, முதலில் வாங்கவேண்டியது 12 வோல்ற்று வெளிப் பற்றரி. கணினி யூ.பி.எஸ். கருவிகளில் இருப்பது போன்ற 7 அம்பியர்-மணித்தியால மூடிய ஈய-அமிலப் பற்றரியை எடுத்துக்கொண்டால், ஓர் அம்பியர் வீதம் எடுத்தாலும் கணக்குப்படி 7 மணித்தியாலம் வரும். அரைவாசிக்குமேல் வடியவிடாமல் பாதுகாத்தாலும் மூன்று மணித்தியாலம் தாராளமாகப் பார்க்கலாம். செருகியின் நடுமுனை நேர் முனையா என்பதைக் கருவியில் உள்ள குறியோடு ஒப்பிட்டு, பெரியவர் ஒருவரின் உதவியுடன் இணைக்கவேண்டும். முனைகள் மாறினால் மின்சுற்று பழுதாகலாம்.

இரண்டாவது, ஆடாத கால்கள்

72 மடங்கு பெருக்கும் கருவி, ஆட்டத்தையும் 72 மடங்கு பெருக்கியே காட்டும். முக்காலியின் கால்களை முழுமையாக நீட்டாமல், கதிரையில் அமர்ந்து பார்க்கும் உயரத்தில் வைத்தால் ஆட்டம் பெருமளவு குறையும். முக்காலியின் நடுவில் மணல் நிரப்பிய ஒரு பையைத் தொங்கவிடலாம். வீட்டின் மேல்தளத்துக் கொங்கிறீற்று பகல் வெப்பத்தை இரவில் வெளிவிடும். அதனால் காட்சி நீர்போல் அசையும். புல்தரையே சிறந்தது. இவற்றின் பின்னும் ஆட்டம் நிற்காவிட்டால் மாத்திரம், கால்களுக்கு அடியில் வைக்கும் அதிர்வு தாங்கிகளை வாங்கலாம்.

மூன்றாவது, பார்வைத்துண்டு

அதிகம் ஏமாறும் இடம் இதுதான். பெட்டிகளில் பெரிய எழுத்தில் போடப்படும் "பல நூறு மடங்கு" என்பது பொருளற்றது. ஆடியின் மில்லிமீற்றர் அளவின் இரு மடங்கே பயன்தரும் உயர்ந்த பெருக்கம் என்பது பொதுவிதி, 130 மி.மீ. ஆடிக்கு அது 260. வளிமண்டலம் அமைதியற்ற இரவுகளில் அதையும் எட்ட முடியாது. அதற்கு மேல் பெருக்கினால் மங்கலே பெரிதாகும்.

இரு மடங்கு பார்லோ வில்லை ஒன்றை வாங்கினால், இருக்கும் இரண்டு பார்வைத்துண்டுகளும் நான்காகின்றன: 26, 52, 72, 144. இந்நிலையில் 12 மி.மீ. பார்வைத்துண்டு வாங்குவது வீண். ஏனெனில் 25 மி.மீ. துண்டும் பார்லோவும் சேர்ந்து 12.5 மி.மீ. ஆகிவிட்டது. 6 மி.மீ. துண்டு வாங்கினால் 108 மடங்கு புதிதாகக் கிடைக்கும். சனியின் வளையத்தைப் பார்க்க இது நல்ல அளவு. 32 மி.மீ. துண்டு 20 மடங்கே தந்தாலும் அகன்ற வானத்தைக் காட்டும்; கார்த்திகைக் கூட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும்.

ஆறேழு துண்டுகளும் நிற வடிகட்டிகளும் நிறைந்த பெட்டியைவிட, தரமான ஒரு துண்டு மேலானது. 1.25 அங்குல அளவுடைய பார்வைத்துண்டு, நாளை வேறு தொலைகாட்டி வாங்கினாலும் அதிலும் பொருந்தும். இது பெற்றோர் கவனிக்கத்தக்க விடயம்.

நான்காவது, ஈரத்துக்கு எதிரான காவல்

நமது நாட்டின் ஈரப்பதன் வில்லைகளின் எதிரி. ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் இருந்தால் பார்வைத்துண்டுகள் நெடுங்காலம் பிழைக்கும். குழாயின் வாயில் கறுப்பு மட்டையைச் சுருட்டி மாட்டினால் பனியையும் தெருவிளக்கின் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கலாம். பார்த்து முடிந்ததும் ஈரம் உலர்ந்த பின்பே மூடவேண்டும்.

ஆடித் தொலைகாட்டியின் இரு ஆடிகளும் நேராக அமைந்திருப்பதும் அவசியம். பிரகாசமான நட்சத்திரத்தைச் சற்றுக் குவியம் பிசகவைத்துப் பாருங்கள். வட்டங்கள் ஒரே மையத்தில் அமையாவிட்டால் ஆடிகளைச் சரிசெய்ய வேண்டும். அதற்கான எளிய துளைக்கருவி குறைந்த விலையில் கிடைக்கிறது.

பொறுத்திருந்து வாங்கலாம்

சந்திர வடிகட்டி கண்கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் கட்டாயமன்று. கைத்தொலைபேசியைப் பார்வைத்துண்டில் பொருத்தும் பிடி, சந்திரனைப் படமெடுக்கவும் பலர் ஒன்றாகப் பார்க்கவும் உதவும். பாடசாலைக் கழகங்களுக்கு ஏற்றது. ஆனால் நீண்டநேர ஒளிப்படத்துக்கான விலையுயர்ந்த கமெராவை வாங்க அவசரப்படவேண்டாம். மேல்-கீழ், இட-வலமாகத் திரும்பும் இவ்வகைத் தாங்கியில் காட்சி மெல்லச் சுழலும். நட்சத்திரங்கள் கோடுகளாகப் பதியும்.

ஒருபோதும் வாங்கக்கூடாதது

பார்வைத்துண்டில் திருகும் சிறிய "சூரிய வடிகட்டி" ஆபத்தானது. குவிந்த வெப்பத்தால் அது வெடித்தால், கண் ஒரு கணத்தில் பார்வையை இழக்கலாம். அது கையில் இருந்தால் எறிந்துவிடுங்கள். சூரியனைப் பார்ப்பதற்கான வடிகட்டி, குழாயின் முன்வாயை முழுவதும் மூடவேண்டும். தரச் சான்று பெற்றதாகவும் கீறலோ துளையோ அற்றதாகவும் இருக்கவேண்டும். இலக்குக் காட்டியும் மூடப்பட்டிருக்க வேண்டும். பெரியவர் அருகில் இல்லாமல் பகலில் தொலைகாட்டியை இயக்கவே கூடாது. தானாகத் திரும்பும் கருவி, வழியில் சூரியன் இருப்பதைப் பார்த்து நிற்காது.

முடிவாக

மாணவிகளே, தொலைகாட்டிக்கு அருகில் ஒரு அப்பியாசக் கொப்பியை வையுங்கள். ஒவ்வொரு இரவும் எதைப் பார்த்தீர்கள், எது தடுத்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால், அடுத்து வாங்கவேண்டியது எது என்பதை அந்தக் கொப்பியே சொல்லும். அதை வாப்பாவிடம் காட்டிக் கேளுங்கள். காரணத்தோடு கேட்கும் மகளுக்குப் பதில் சொல்வது எந்தப் பெற்றோருக்கும் இலகுவானது. பொருள் கிடைக்கச் சற்றுத் தாமதமானாலும் கவலையில்லை. சந்திரனும் சனியும் எங்கும் போய்விடப் போவதில்லை.