செவ்வரளிப் பயிரும் கவாத்துக் கழிவும்

மழை பொய்த்த ஆண்டிலும் இலை வாடாது நின்று மலர் தரும் செடிகள் நம் தோட்டங்களில் மிகச் சிலவே. அவற்றுள் செவ்வரளி முதன்மையானது. நூல்களில் அலரி எனப்படுவதும் இதுவே. காட்டாற்றுப் படுகைகளில் கல்லினிடையே தானாக வளரும் இயல்புடையதாதலின், மெலிந்த நிலத்தையும் இது பொறுத்துக் கொள்ளும். சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டிப் பகுதியில் இதனைத் தனிப் பயிராகவே வளர்த்து, மொட்டுக்களைப் பறித்து வெளியூர்களுக்கு அனுப்புகின்றனர். மஞ்சட் பூவுடைய பொன்னரளி வேறு செடி. அது விதையினால் விருத்தியாவது.

செவ்வரளியும் விதையினால் முளைக்குமாயினும், அந்நாற்றுக்கள் தாய்ச்செடியின் நிறத்தைத் தவறாமற் பெறுவதில்லை. ஆகவே போத்து நடுவதே தக்கது. ஆனி, ஆடி மாதங்களில், எழுதுகோற் பருமனுள்ள முற்றிய கிளைகளை ஒன்பது அங்குல நீளமாக, கணுவிற்குச் சற்றுக் கீழே வெட்டுதல் வேண்டும். அடியிலைகளைக் களைந்து, இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையுமாறு நிழலான பாத்தியில் ஊன்றி, ஈரம் உலராமற் காத்துவரின் வேர் பிடிக்கும். தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணிற் பதியம் போடுவதும் உண்டு. கொல்லைக்கு இரண்டொரு செடி மட்டும் வேண்டுவோர் குச்சியை நீர்க்குடுவையில் நிறுத்தினாலும் போதும்.

வேர் பிடித்த செடிகளை ஆறரை அடிக்கு ஒன்றாக, ஓரடிக் குழிகளில் தொழு உரமிட்டு நடவேண்டும். ஏறத்தாழ நான்காம் மாதத்திற் பூக்கத் தொடங்கும். பெரிய பச்சைப் புழு இலையைத் தின்னுமாயின் கையாற் பொறுக்கி அழிக்கலாம்.

பூங்கொத்து கிளை நுனியிலேயே தோன்றுவதால், நுனிகள் பெருகினாலன்றிப் பூ பெருகாது. எனவே பூ ஓய்ந்த பருவத்திற் கவாத்துச் செய்தல் இன்றியமையாதது. அபாயமும் அங்கேதான் இருக்கிறது. வேர் முதல் பூ வரை இச்செடி முழுதும் இருதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. பத்து இருபது இலைகளே ஒரு மாட்டைக் கொல்லப் போதுமானவை. பச்சை இலையைக் கசப்பினால் கால்நடைகள் பெரும்பாலும் ஒதுக்குகின்றன; இதை நம்பியே பலர் அசட்டையாயிருக்கின்றனர். வெட்டிப் போட்ட தழை காய்ந்து, வரப்புப் புல்லோடு கலந்துவிட்டால் மாடு பிரித்தறியாது. காய்வதனால் நஞ்சு நீங்குவதுமில்லை.

ஆதலால், வெட்டிய தழையை அன்றைக்கே திரட்டி, ஆடு மாடு கிளறாத ஆழத்திற் புதைத்துவிட வேண்டும். குட்டையிலோ தண்ணீர்த் தொட்டியிலோ இலை விழ விடலாகாது. ஊறிய நீரும் தீங்கு செய்யும். விறகாக எரிப்பதும் கூடாது, புகையும் நஞ்சே. வெட்டியவர் கைகளை நன்கு கழுவுக. நெடுஞ்சாலைகளின் நடுவிலும் அரளி வைக்கப்பட்டிருப்பதால், அங்கே கழித்த கிளைகள் மேய்ச்சல் நிலத்திற் கொட்டப்படாதவாறு கிராம அதிகாரிகள் கவனித்தல் நலம். தின்ற மாட்டிற்குக் கழிச்சலும் நடுக்கமும் காணின், கைவைத்தியத்திற் பொழுது போக்காது கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். சில வேளை அறிகுறி தோன்றுமுன்னரே மாடு வீழ்ந்துவிடும்.