நின்று வியாபாரம் செய்பவரின் காலணி

மளிகைக் கடையானாலும் மண்டியானாலும் நமது தொழில் நின்று செய்யும் தொழில். காலையில் கதவைத் திறந்தது முதல் இரவு சாத்தும் வரை தராசுக்கும் அலமாரிக்கும் கல்லாவுக்கும் இடையே நின்றும் நடந்துமே பொழுது போகிறது. துவரம் பருப்பு வாங்கும்போது கையில் அள்ளிப் பார்க்கிறோம். மிளகை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். வெல்லத்தை உடைத்துப் பார்க்கிறோம். ஆனால் நமது முழு எடையையும் நாள் முழுவதும் சுமக்கிற செருப்பை வாங்கும்போது மட்டும், விரலால் ஒருமுறை அமுக்கி, “மெத்தென்று இருக்கிறது” என்று சொல்லி வாங்கிவிடுகிறோம்.

கையில் மெத்தென்று இருப்பது வேறு, மாலை வரை காலைத் தாங்குவது வேறு. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் நமக்கும் நம் கடைப் பணியாளர்களுக்கும் நல்லது. மளிகையோடு செருப்பும் வைத்து விற்கிற சிற்றூர்க் கடைக்காரர்களுக்குச் சரக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் இது உதவும்.

மெத்தையும் தாங்கலும்

கண்ணாடிப் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி அனுப்பும் விதம் நமக்குத் தெரியும். வைக்கோலைத் தளர்வாகத் திணித்தால், வண்டி குலுங்கும்போது வைக்கோல் ஒதுங்கிப் பாட்டில் பலகையில் மோதி உடையும். இறுக்கித் திணித்தால் வைக்கோலே பலகை போலாகிவிடும், அப்போதும் உடையும். அமுங்கவும் வேண்டும், அடிவரை அமுங்கிவிடவும் கூடாது. அமுங்கியது மறுபடி எழவும் வேண்டும்.

செருப்பின் அடிப்பாகத்துக்கும் இதே கணக்குத்தான். நாம் நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் குதிகால் முதலில் தரையில் படுகிறது. அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது மெத்தையின் வேலை. நிற்கும்போது எடையானது குதிகாலிலும் முன்பாதத்திலும் குவிகிறது. அதைப் பாதம் முழுவதும் பரவச் செய்து, கால் உட்புறமோ வெளிப்புறமோ சாயாமல் நிறுத்துவது தாங்கலின் வேலை. மெத்தை மட்டும் இருந்து தாங்கல் இல்லாவிட்டால், காலை நிலையாக வைத்துக்கொள்ளக் கணுக்காலும் கெண்டைக்காலும் இடைவிடாமல் உழைக்க நேரிடும். நல்ல மெத்தைச் செருப்பு என்று வாங்கியும் மாலையில் கால் வலிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே நல்ல காலணியில் மூன்று அடுக்குகள் இருக்கும். பாதம் படும் மேலடுக்கு மென்மையாகவும், நடு அடுக்கு அமுங்கி எழக்கூடியதாகவும், தரையில் படும் கீழடுக்கு தேயாததாகவும் வழுக்காததாகவும் இருக்க வேண்டும். ஒரே பொருளால் வார்த்த செருப்பானால், அந்த ஒரு பொருளே மூன்று வேலையையும் செய்ய வேண்டியிருக்கிறது.

எந்தப் பொருள் எப்படிப்பட்டது?

ஹவாய் ரப்பர்: நம் ஊர்களில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் இரட்டை நிற ரப்பர் ஷீட் செருப்பு இது. ரப்பருக்குள் நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் எடை குறைவு, விலையும் குறைவு. புதிதாக இருக்கும்போது நன்றாகவே தாங்கும். நாள்பட நாள்பட குதிகால் படும் இடம் குழிந்து மெலிந்துவிடும். அவ்விடத்தில் ஷீட் பாதியாகிவிட்டால், வார் அறாமலிருந்தாலும் செருப்பின் ஆயுள் முடிந்தது என்றே கொள்ள வேண்டும்.

பி.வி.சி.: மழைக்காலத்துக்கு ஏற்றது, கழுவ எளிது, மலிவானது. காற்று நுரைக்காமல் வார்த்த பி.வி.சி. கனமாக இருக்கும்; தண்ணீரில் போட்டால் மூழ்கும். இதில் மெத்தைத் தன்மை மிகக் குறைவு. வந்துபோகும் வேலைக்குச் சரி. நாள் முழுவதும் நிற்பவருக்கு ஆகாது.

இ.வி.ஏ.: எத்திலீன் வினைல் அசிடேட் என்பதன் சுருக்கம். கையில் எடுத்தால் காற்றைத் தூக்குவது போலிருக்கும் செருப்புகள் பெரும்பாலும் இவைதான். ஒன்றோடொன்று ஒட்டாத மூடிய காற்றறைகள் கொண்டதால் தண்ணீரில் மிதக்கும், ஈரத்தையும் அதிகம் உறிஞ்சாது. ஓட்டக் காலணிகளின் நடு அடுக்கில் பரவலாகப் பயன்படுவதும் இதுவே. இதன் குறை, தொடர்ந்து எடை விழ விழத் தட்டையாகிப் பழைய பருமனுக்குத் திரும்பாமல் போவது. வெயிலில் கிடந்தாலும், நிறுத்திய காருக்குள் வெப்பத்தில் இருந்தாலும் சுருங்கிவிடும்.

பி.யு.: பாலியூரிதேன். இ.வி.ஏ.வை விடச் சற்றுக் கனம். ஆனால் அமுங்கி எழும் தன்மை நெடுநாள் நிலைக்கும், எண்ணெயையும் ஓரளவு தாங்கும். நின்று வேலை செய்பவர்களுக்குப் பி.யு. அடிப்பாகம் நல்ல தேர்வு. இதில் ஒரு பெரிய குறையும் உண்டு; அதைச் சரக்கு வைப்பது பற்றிச் சொல்லுமிடத்தில் பார்ப்போம்.

மெமரி ஃபோம்: இதுவும் பாலியூரிதேன் வகைதான். அமுக்கினால் மெதுவாக உள்வாங்கி மெதுவாக எழும். 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, இருக்கை மெத்தைகளை மேம்படுத்தும் முயற்சியில் உருவானது. காலணியில் மெல்லிய மேலடுக்காக இருந்தால் பாதத்தின் வடிவுக்குப் படியும். கடையில் காலை நுழைத்ததும் வாடிக்கையாளரை மயக்குவதும் இதுதான். ஆனால் அடியில் உறுதியான அடுக்கு இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் நசுங்கித் தரையே காலுக்குத் தெரியும்.

எம்.சி.ஆர்.: நுண்ணறை ரப்பர். ஹவாய் ஷீட்டும் இந்த இனம்தான் என்றாலும், மருத்துவச் செருப்புக்கான எம்.சி.ஆர். மிக மென்மையானது. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் இது சுமார் 15 முதல் 20 வரை இருக்கும். இதன் வரலாறு நமது வேலூரோடு தொடர்புடையது என்பதால் தனியே சொல்ல வேண்டும்.

வேலூர் தந்த பாடம்

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாகி அழுகுவதற்கு நோய் நேரடிக் காரணம் என்றே அக்காலத்தில் பலரும் எண்ணியிருந்தனர். உணர்வற்ற பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் மீண்டும் மீண்டும் விழுவதே புண்ணுக்குக் காரணம் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். வலி தெரிந்தவன் காலை மாற்றி ஊன்றுவான். வலி தெரியாதவன் அதே இடத்தில் ஊன்றிக்கொண்டே இருப்பான். எனவே அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும் மென்மையான செருப்பே மருந்து என்ற முடிவுக்கு வந்து, வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நுண்ணறை ரப்பர் செருப்புகள் செய்யப்பட்டன.

இன்று அதே பாடம் நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்துகிறது. நெடுநாள் சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்வு குறையும். செருப்பு கடிப்பதும், ஆணி குத்துவதும், குதிகால் வெடித்துப் புண்ணாவதும் தெரியாமலே போகும். நம் வணிகர்களில் சர்க்கரை உள்ளவர்கள் பலர். கவனியாமல் விட்ட சிறு புண் காலை எடுக்கும் நிலை வரை கொண்டுபோய் விடுவதுண்டு. அவர்கள் மருத்துவர் சொல்லும் எம்.சி.ஆர். செருப்பை வாங்கி அணிவது செலவல்ல, காப்பீடு. மேலே மென்மையான எம்.சி.ஆர்., கீழே உறுதியான ரப்பர், கட்டைவிரல் வளையத்துக்குப் பதில் அகலமான பட்டை, குதிகாலுக்குப் பின்வார் என்று அது அமைந்திருக்க வேண்டும். இரவில் கடை சாத்திய பிறகு இரண்டு பாதத்தின் அடியையும் பார்த்துவிட்டுப் படுப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கடைக்குள் வெறுங்கால்

கல்லாவை லட்சுமியாக மதித்து, செருப்பைக் கடைக்கு வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு நிற்பது நம்மில் பலருக்கு வழக்கம். அந்த மரியாதையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சிமெண்ட் தரையும் மார்பிளும் சிறிதும் அமுங்காதவை. பத்து மணி நேரம் அதன்மேல் வெறுங்காலுடன் நிற்பது குதிகாலுக்குக் கெடுதல். காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் சுரீர் என்று வலிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. தெருவில் போடாத செருப்பு ஒரு ஜோடியைக் கடைக்குள் மட்டும் பயன்படுத்த வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால் தராசு மேடைக்குப் பின்னால் நிற்குமிடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைப் போடலாம். காலி சாக்குகளை மடித்துப் போட்டு நிற்பவர்களும் உண்டு. வெறும் தரையை விட அது மேல்தான். ஆனால் மடிப்பு கால் தடுக்காமலும் நழுவாமலும் இருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் விரிப்போடு நிறுத்திக்கொள்ளாமல், கடைக்குள்ளும் காலணி அணிந்தே ஆக வேண்டும்.

வாங்கும்போது செய்யும் சோதனைகள்

1. குதிகால் படும் இடத்தில் கட்டைவிரலால் பலமாக அமுக்குங்கள். விரல் அடிவரை போய்க் கடினமாக ஏதேனும் தட்டுப்பட்டால் மெத்தை போதாது. விரலை எடுத்ததும் பள்ளம் எழ வேண்டும்.

2. முனையையும் குதியையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடியும் முன்பாதத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் தாங்கல் இல்லை.

3. ஈரத்துணியைப் பிழிவது போல் முறுக்கிப் பாருங்கள். தடையின்றி முறுக்கிக்கொண்டால் அது நிற்பதற்கான காலணியல்ல.

4. தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ வேண்டாம். அளவுக்கு மீறி உயரமான மென்மையான அடிப்பாகத்தில் கணுக்கால் பிசகும் ஆபத்து உண்டு.

5. மாலையில் வாங்குங்கள். நாள் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். அதற்குச் சரியான அளவே உண்மையான அளவு. போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

எண்ணெய் வியாபாரிகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பிக் கெடும். எண்ணெய் சிந்தும் தரையில் ஆழமான வரிகள் வெட்டிய பி.யு. அடிப்பாகமே ஏற்றது. வழவழப்பான இ.வி.ஏ. ஈரத்தில் வழுக்கும்.

விலையையும் மாதக் கணக்கில் பாருங்கள். கணக்குக்காக, 150 ரூபாய்ச் செருப்பு நான்கு மாதத்தில் குழிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 37 ரூபாய் 50 காசு ஆகிறது. 420 ரூபாய்க் காலணி 14 மாதம் தாங்கினால் மாதத்துக்கு 30 ரூபாய்தான். கால்வலிக்கான செலவு இந்தக் கணக்கில் சேரவில்லை.

செருப்பு விற்பவர்களுக்கு

பருப்பில் வண்டு விழுவதைப் போல் காலணியும் இருப்பிலேயே கெடும். பி.யு. அடிப்பாகங்களில் பெரும்பாலானவை காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும் தன்மை கொண்டவை. சில ஆண்டுகள் பெட்டியில் கிடந்த புத்தம் புதிய ஷூ, போட்ட முதல் நாளே அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். கடலோர ஊர்களிலும் ஈரம் கசியும் கிடங்குகளிலும் இது விரைவாக நடக்கும். ஆகவே,

பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு மாதத்தைப் பார்த்து எடுங்கள். பெருந்தள்ளுபடியில் வரும் பழைய பி.யு. சரக்கில் கவனம் வேண்டும்.

முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள்.

தரையிலும் சுவரையொட்டியும் அடுக்காமல், பலகை மேல் காற்றோட்டமாக அடுக்குங்கள்.

இ.வி.ஏ. செருப்புகளை வெயில் படும்படி வாசலில் தொங்கவிடாதீர்கள். சுருங்கி அளவு மாறிவிடும்.

பணியாளர்களுக்கு

நமக்குச் சொன்னது எல்லாம் நம்மிடம் வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், பணியாளர்கள் வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்வதற்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது. கேரளத்தில் 2018லேயே இத்தகைய திருத்தம் வந்தது. எவ்வளவு நல்ல காலணியானாலும் இடையிடையே உட்காரும் ஓய்வுக்கு அது ஈடாகாது. நாற்காலி ஒன்றும் விரிப்பு ஒன்றும் வாங்கிப் போடுவது சட்டத்துக்காக மட்டுமன்று. கால் வலிக்காத பணியாள் மாலைக் கூட்டத்தில் வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்காமல் பேசுவார். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கும்போது அவரவர் காலுக்கு ஏற்ற நல்ல காலணி ஒரு ஜோடியும் சேர்த்து வாங்கிக் கொடுக்கலாம்.

சரக்கின் தரம் பார்த்து வாங்குவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கண்ணை அடுத்த முறை செருப்பு வாங்கும்போதும் பயன்படுத்துவோம். இப்போது அணிந்திருக்கும் செருப்பை இன்றே கழற்றித் திருப்பிப் பார்த்து, குதிகால் குழிந்திருந்தால் தாமதிக்காமல் மாற்றிவிடுவோம்.