வீச்சுத் தளமும் தளப்பெயர்வும்

குயவன் திகிரி தரையோடு படிந்து சுழல்வது. வண்டிச் சக்கரம் நிமிர்ந்து நின்று உருள்வது. முன்னதைக் காருகுறிச்சியிலும் பின்னதை வயல்வழிகளிலும் கண்ட நமக்கு, இவ்விரண்டிற்கும் இடைப்படச் சாய்ந்து நிற்கும் ஒரு சக்கரத்தை மனத்திற் கொள்ளுதல் அரிதன்று. கோல்ப் ஆடுவோன் கோலை வீசுங்கால் அதன் முனை வரையும் வட்டம் அத்தகையதே. அவ்வட்டம் கிடக்கும் பரப்பை வீச்சுத் தளம் என்றும், அது தரையோடு கொள்ளும் சாய்வைத் தளக்கோணம் என்றும், வீச்சின் நடுவே ஒரு தளத்தினின்று மற்றொன்றிற்குச் செல்லுதலைத் தளப்பெயர்வு என்றும் ஈண்டு வழங்குவோம்.

இவ்வாட்டம் நம் தாமிரபரணிக் கரைக்குப் புதிதாயினும், கொடைக்கானல் மலையில் 1895ஆம் ஆண்டிலேயே இதற்கொரு சங்கம் தோன்றிற்று. பந்து தரையிற் கிடக்க, ஆடுவோன் அதற்கு விலகி நிற்றலின், தளம் சாய்ந்தே தீரும். கோல் நீண்டால் அவன் மேலும் விலகுவான், தளம் படியும்; குறுகினால் நெருங்குவான், தளம் நிமிரும். ஏறத்தாழ 45 அங்குல நீளமுள்ள டிரைவரும் 35 அங்குல வெட்ஜும் ஒரே கோணத்தில் வீசப்படாமைக்குக் காரணம் இதுவே.

அமெரிக்க ஆட்டக்காரராகிய பென் ஹோகன் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பந்தினின்று தோள்கள்மீது சாய்ந்து கிடக்கும் கண்ணாடிப் பலகையொன்றை மனத்தில் அமைத்துக்கொள்ளச் சொன்னார். கோலை ஓங்குங்கால் கைகள் அக்கண்ணாடியை உடைத்து மேலெழலாகாது. இதனைக் கற்றோருட் சிலர் தளம் ஒன்றே எனக் கொண்டனர். ஆனால், கோல் இறங்குதற்குரிய தளம் சற்றே படிந்ததென்றும் திசை சிறிது மாறியதென்றும் ஹோகனே கூறியிருக்கின்றார். பின்னர் ஹோமர் கெல்லி என்பார் 1969இல் வெளியிட்ட நூலில் தளக்கோணங்களையும் பெயர்வுகளையும் வகுத்துப் பெயரிட்டார்.

ஜிம் ப்யூரிக் என்பவர் கோலை மிக நிமிர்த்தி ஓங்கி, படிந்த தளத்தில் இறக்குபவர். ஒரே தளம் என்னும் விதிகொண்டு அளந்தால் அவ்வீச்சு பிழையுடையது. அதனைக் கொண்டே அவர் 2003இல் அமெரிக்க ஓப்பன் பட்டம் பெற்றார். 2016இல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார்.

பெயர்விலும் பிழையுண்டு. இறங்குங்கால் தளம் மிக நிமிர்ந்து, கோல் வெளிப்புறமிருந்து உள்நோக்கி வெட்டுமாயின், வலக்கை ஆட்டக்காரனது பந்து பெரும்பாலும் வலப்புறம் வளைந்தோடும். தளம் மிகப் படியுமாயின், கோல் பந்தை அடையுமுன் தரையைத் தாக்கக்கூடும்.

தமிழ் பயிலும் நமக்கு இதில் ஓர் உண்மை புலனாகின்றது. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது. வீச்சு முந்தியது, தளநூல் பிந்தியது. ஆதலின், பந்தைத் தொடுங்கணத்தில் கோல் எத்தளத்தில், எத்திசையிற் செல்கின்றது என்பதையே ஆசிரியன் முதற்கண் நோக்கற்பாலன். அது செம்மையாயிருக்க, ஓங்கும் அழகைக் கருதி மாணவனது இயல்பான வீச்சைக் கலைத்தல், வழக்கில் வேரூன்றிய நற்சொல்லை விதிக்கு அஞ்சி விலக்குதல் போலாம்.