நாட்டின் நலத்தை அளக்கும் கோல்

துணி வாங்குவோர் அதன் நீளத்தை மட்டும் பார்ப்பதில்லை. அகலம், நூலின் நம்பர், சாயத்தின் உறுதி ஆகியவற்றையும் பார்க்கின்றனர். நெல் வாங்குவோரும் மரக்கால் கணக்கோடு நின்றுவிடாமல், ஒரு பிடியைக் கையிலெடுத்து ஊதிப் பதர் எவ்வளவு என்று கண்டறிகின்றனர். நாட்டின் நலத்தை அளப்பதற்கும் இத்தகைய பல கண் பார்வை வேண்டும். நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நம் பாரதத்தில் அவ்வளவை எவ்வாறு செய்கின்றனர், அதன் பயன் யாது, குறை யாது என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நன்று.

வருமானம் என்னும் பழைய கோல்

நெடுங்காலமாக நாட்டின் நிலையை அளக்கப் பயன்பட்டது தலா வருமானம் ஆகும். நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள் தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். இந்தியாவில் இக்கணக்கை முதன்முதல் முயன்றவர் தாதாபாய் நௌரோஜி. 1867-68ஆம் ஆண்டுக்கு ஒருவரின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். அதனோடு நில்லாமல், சிறைக் கைதி ஒருவருக்கு உணவும் உடையும் அளிக்க ஆகும் செலவையும் கணக்கிட்டு, குடிமகனின் வருமானம் அதற்கும் போதாது என்று எடுத்துக் காட்டினார். எண்ணை வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நெறியை அன்றே அவர் வகுத்தார் எனலாம்.

ஆயினும் சராசரி பல உண்மைகளை மறைத்துவிடும். பத்து அங்கத்தினர் கொண்ட ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்பது பேருக்கு மாதம் 10,000 ரூபாய். ஒருவருக்கு 60,000 ரூபாய். சராசரி 15,000 ரூபாய் ஆகும். ஆனால் 15,000 ரூபாய் பெறுபவர் அச்சங்கத்தில் ஒருவருமில்லை. மேலும், கையிலுள்ள பணம் மருத்துவரில்லாத ஊரில் உயிரைக் காப்பதில்லை. பள்ளியில்லாத ஊரில் கல்வியைத் தருவதுமில்லை.

மூன்று இழைக் கோல்

இக்குறையை உணர்ந்து, பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக், நம் நாட்டு அறிஞர் அமர்த்தியா சென் முதலியோரின் துணையுடன் ஒரு புதிய அளவையை உருவாக்கினார். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990ஆம் ஆண்டு முதல் அதனை வெளியிட்டு வருகிறது. அதுவே மனித மேம்பாட்டுக் குறியீடு. ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றும் அதில் சமமான இடம் பெறுகின்றன.

கணக்கு முறையை இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்களைக் கொண்டே காண்போம். பிறக்கும் குழந்தையின் எதிர்பார்க்கும் ஆயுள் 72 ஆண்டுகள். கீழெல்லை 20, மேலெல்லை 85 என்று கொள்வதால், 65இல் 52 பங்கு, அதாவது 0.80 கிடைக்கிறது. கல்வியில் இரு கூறுகள் உண்டு. பள்ளியில் சேரும் குழந்தை பெறக்கூடிய கல்வி 13 ஆண்டுகள். இதற்கு எல்லை 18. வயது வந்தோர் உண்மையில் பெற்ற கல்வி சராசரி 6.9 ஆண்டுகள், இதற்கு எல்லை 15. இவ்விரண்டின் சராசரி 0.59. பொருள்களின் விலை வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்ட தலா வருமானம் ஏறத்தாழ 9,047 டாலர். இதனை மடக்கைக் கணக்கால் மாற்ற 0.68 கிடைக்கிறது. வருமானத்துக்கு மட்டும் மடக்கை ஏன் எனில், இல்லாதவனுக்குக் கிடைக்கும் நூறு ரூபாயின் பயன் உள்ளவனுக்குக் கிடைக்கும் நூறு ரூபாயின் பயனை விடப் பெரிது.

இம்மூன்றையும் பெருக்கிக் கன மூலம் எடுத்தால் 0.685 வருகிறது. அவ்வாண்டில் உலக நாடுகளின் வரிசையில் இந்தியா பெற்ற இடம் 130.

கூட்டாமல் பெருக்குவது ஏன்? 2010ஆம் ஆண்டுக்கு முன் கூட்டிச் சராசரி எடுப்பதே வழக்கமாயிருந்தது. ஆயுள் 0.9, கல்வி 0.1, வருமானம் 0.8 பெற்ற நாட்டுக்குக் கூட்டல் முறையில் 0.6 கிடைத்துவிடும், கல்வியின் இழிநிலை மறைந்துபோகும். பெருக்கல் முறையிலோ 0.42 மட்டுமே கிடைக்கும். பாவு எவ்வளவு உறுதியாயினும் ஊடை இற்றுப்போனால் துணி நில்லாது என்பதை நெசவாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இல்லாமையை எண்ணும் முறை

மேற்கண்ட குறியீடும் நாட்டுக்கு ஒரே எண்ணைத்தான் தருகிறது. எந்த வீட்டில் எது இல்லை என்பதை அது சொல்வதில்லை. இதற்கு மற்றொரு கணக்கு உண்டு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட தேசியப் பல்பரிமாண வறுமைக் குறியீடே அது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதற்கு அடிப்படை. 2019-21 கணக்கெடுப்பில் ஊழியர்கள் 6,36,699 வீடுகளில் தகவல் திரட்டினர்.

இம்முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 12 கேள்விகள் உண்டு. நலவாழ்வுக்கு மூன்றில் ஒரு பங்கு, கல்விக்கு மூன்றில் ஒரு பங்கு, வாழ்க்கை வசதிக்கு மூன்றில் ஒரு பங்கு என மதிப்பெண் வகுத்துள்ளனர். ஊட்டக் குறைவுக்கு ஆறில் ஒன்று. படிப்பு நின்ற பிள்ளைக்கு ஆறில் ஒன்று. விறகடுப்பு, கழிப்பிடம், குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு ஆகிய ஏழும் வசதியைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் இருபத்தொன்றில் ஒன்று. இல்லாமையின் கூட்டுத்தொகை மூன்றில் ஒன்றை எட்டினால் அக்குடும்பம் வறுமையுற்றது ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு வீட்டில் மின்விளக்கு உண்டு, காரை வீடு உண்டு, வங்கிக் கணக்கும் உண்டு. ஆனால் தாய் ஊட்டமின்றி மெலிந்திருக்கிறாள். பன்னிரண்டு வயது மகன் பள்ளியை விட்டுத் தறிக்கு வந்துவிட்டான். ஆறில் ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்து மூன்றில் ஒன்றாகிவிட, இவ்வீடு வறுமைக் கணக்கில் சேர்கிறது. மற்றொரு வீட்டில் ஏழு வசதிகளில் ஆறு இல்லை; எனினும் பிள்ளைகள் படிக்கின்றனர், எல்லோரும் உடல் நலத்தோடு உள்ளனர். இது கணக்கில் சேருவதில்லை. இது சரியா என்பது விவாதத்துக்குரியது. மதிப்பெண்களை வகுத்தவர்களும் மனிதர்களே என்பதை மறத்தலாகாது.

இக்கணக்கின்படி 2015-16இல் நூற்றுக்கு 24.85 பேர் வறுமையில் இருந்தனர். 2019-21இல் அது 14.96 ஆகக் குறைந்தது. கிராமங்களில் 19.28, நகரங்களில் 5.27. பீகாரில் 33.76, கேரளத்தில் 0.55. ஒரே நாட்டின் எண் இவ்வளவு வேற்றுமைகளைத் தன்னுள் அடக்கியிருக்கிறது. அதே குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரம் இன்றி இருந்தனர். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 பேருக்கு இரத்த சோகை இருந்தது. வறுமை குறைந்தது என்னும் செய்தியை இவ்விரு எண்களோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அளவைக்கும் உண்டு குறை

மாதிரிக் கணக்குகளுக்கெல்லாம் ஆதாரம் மக்கட்கணக்கு. அது கடைசியாக முடிந்தது 2011இல். 2021இல் நடைபெற்றிருக்க வேண்டியது தள்ளிப்போய் 2027க்கென்று அறிவிக்கப்பட்டது. பழைய படியைக் கொண்டு புதிய நெல்லை அளக்கும்போது பிழை நேரக்கூடும். அன்றியும், அச்சமின்மை, மதிப்பு, ஓய்வு போன்றவை எந்த எண்ணிலும் எளிதில் அடங்குவதில்லை.

நம் சங்கங்களுக்கு இதனால் என்ன?

நம் ஆண்டறிக்கைகளில் உற்பத்தி, விற்பனை, லாபம், பங்குத் தொகை ஆகியவை ஒழுங்காக இடம் பெறுகின்றன. இவை வேண்டியவையே. ஆயின் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளியை விட்டனர், தறிக் கூடத்தில் இருமலால் துன்புறுவோர் எத்தனை பேர், கடனுக்காக நகை இழந்த வீடுகள் எத்தனை என்பவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் என்ன? இதற்கு மடக்கை வேண்டா. ஒரு குறிப்பேடும் வீடு வீடாகச் சென்று கேட்கும் மனமும் போதும். அவ்வாறு எழுதப்பட்ட பக்கம் மகாசபையில் வாசிக்கப்படும்போது, லாபத்தை எதற்குச் செலவிடுவது என்னும் வினாவுக்கு விடை தானே தெளிவாகும்.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. சராசரி வருமானம் உயர்ந்தும் மக்கள் நிலை தாழ்ந்திருக்கக் கூடுமா? நம் ஊரிலிருந்து எடுத்துக்காட்டுக.

2. மூன்று எண்களைக் கூட்டுவதற்கும் பெருக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. பன்னிரண்டு கேள்விகளை நம் சங்கத்துக்கென நீங்களே வகுப்பதாயின், எவற்றைச் சேர்ப்பீர்கள்? எவற்றுக்கு அதிக மதிப்பெண் தருவீர்கள்?